யுஐ ஆட்டோமேஷன் டெஸ்டிங்குக்கு எந்த மொழி? முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

புதிதாக யுஐ ஆட்டோமேஷன் (ஆப்பின் திரையைக் கோட் வழியே இயக்கிச் சோதிப்பது) தொடங்கும் டீம்களில் மொழி பெரும்பாலும் முதல் கூட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது. யாருக்கு எது கைவந்ததோ, அது. சில மாதங்களில் 300 டெஸ்டுகள் சேர்ந்துவிடும். ஒரு நாள் டெவலப்பர் ஒருவர் ஒரு பட்டனின் அடையாளத்தை மாற்றுவார். 40 டெஸ்டுகள் சிவப்பாகும், அதாவது ஃபெயில் ஆகும். திருத்த அவருக்கு அந்த மொழி தெரியாது, டெஸ்டருக்கோ அந்த வாரம் ரிலீஸ் வேலை. 'இப்போதைக்கு ஸ்கிப் போடுவோம்' என்பார்கள். அப்படி ஸ்கிப் ஆன டெஸ்டுகள் திரும்பி வருவது அரிது.

ஆகவே 'எந்த மொழி சிறந்தது' என்று தொடங்க வேண்டாம். டெஸ்ட் உடைந்தால் அன்றைக்கே அதைத் திருத்தப் போவது யார், அவர் தினமும் எந்த மொழியில் கோட் எழுதுகிறார் என்று கேளுங்கள். இந்த வழிகாட்டியின் எல்லாப் படிகளும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வருகின்றன.

அதற்கு முன், வேகம் பற்றிய கவலையை ஒதுக்கிவிடலாம். ஒரு யுஐ டெஸ்ட் 20 விநாடி ஓடினால், கிட்டத்தட்ட அத்தனை நேரமும் பிரவுசர் பக்கத்தை வரைவதிலும் சர்வர் பதில் தருவதிலும்தான் போகிறது. நீங்கள் எழுதிய மொழி எடுத்துக்கொள்வது மில்லி விநாடிக் கணக்கு. பைத்தானிலிருந்து ஜாவாவுக்கு மாறினால் டெஸ்ட் வேகமாகும் என்ற எதிர்பார்ப்பு பலிக்காது. 300 டெஸ்டுகள், தலா 20 விநாடி என்றால் 6000 விநாடி, அதாவது 100 நிமிடம். நான்கு பிரவுசர்களில் ஒரே நேரத்தில் ஓட்டினால் 25 நிமிடம். வேகம் அங்கேதான் கிடைக்கும்.

படி 1: எந்தத் திரையைச் சோதிக்கிறீர்கள்?

சில இடங்களில் தேர்வுக்கே வேலை இல்லை. ஆண்ட்ராய்டு ஆப்பை எஸ்பிரெசோ என்ற கருவியில் சோதிப்பதென்றால் கோட்லின் அல்லது ஜாவாதான். எஸ்பிரெசோ ஆப்பின் அதே ப்ராசஸுக்குள் ஓடுகிறது. ஆப்பின் முதன்மை த்ரெட் (வேலைகள் வரிசையாக ஓடும் இழை) ஓய்வுக்கு வரும்வரை தானே காத்திருந்து அடுத்த செயலைச் செய்கிறது. இந்த வசதிக்காகவே அதை எடுக்கலாம். ஆனால் முடிவில்லாமல் சுழலும் லோடிங் அனிமேஷன் திரையில் இருந்தால் அந்த ஓய்வு நிலை வராமலே போய் டெஸ்ட் தொங்கும். சோதனைக் கருவியின் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் விண்டோ, டிரான்சிஷன், அனிமேட்டர் என மூன்று அனிமேஷன் அளவுகளையும் அணைத்துவிட்டே தொடங்குங்கள்.

ஐபோனுக்கு ஆப்பிளின் எக்ஸ்சியூஐடெஸ்ட் என்றால் ஸ்விஃப்ட் அல்லது அப்ஜெக்டிவ்-சி. ஃப்ளட்டர் என்ற கட்டமைப்பில் எழுதிய ஆப்புக்கு அதன் சொந்த டெஸ்ட் பேக்கேஜுடன் டார்ட் மொழி. ஃப்ளட்டர் தன் விட்ஜெட்டுகளைத் தானே வரைவதால், வெளியிலிருந்து பார்க்கும் கருவிக்கு அணுகல்தன்மைக்காக அது வெளியிடும் விவரங்கள் மட்டுமே தெரியும். இதை மறந்து அப்பியம் என்ற வெளிக் கருவியோடு இறங்கினால், கண்ணெதிரே இருக்கும் பட்டனை டெஸ்ட் 'காணவில்லை' என்று சொல்லும்.

ஒரே டெஸ்டை ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஓட்ட வேண்டுமென்றால் அப்பியம். அங்கே ஜாவா, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், ரூபி, சி ஷார்ப் என்று கதவு அகலத் திறக்கிறது. எந்த மொழியை எடுத்தாலும் ஐபோன் பக்கத்துக்கு எக்ஸ்கோட் உள்ள மேக் கணினி வேண்டும். அதைச் செலவுக் கணக்கில் இப்போதே எழுதுங்கள். விண்டோஸ் டெஸ்க்டாப் மென்பொருள் என்றால் சி ஷார்ப்பில் எஃப்எல்ஏயுஐ, பைத்தானில் பைவின்ஆட்டோ. இரண்டும் நல்ல தேர்வுகளே.

மீதி எல்லாம் வெப். உண்மையான தேர்வு அங்கேதான் இருக்கிறது.

படி 2: திருத்தப் போகிறவரைக் கண்டுபிடியுங்கள்

ஊகத்தில் எழுத வேண்டாம். கடந்த மூன்று மாத கோட் மாற்றங்களின் பதிவான கிட் வரலாற்றைத் திறந்து, யுஐ கோடை மாற்றியவர்கள் யார், எந்த மொழியில் என்று எண்ணுங்கள். ரியாக்ட், ஆங்குலர், வியூ போன்றவற்றில் வேலை செய்யும் டீம் என்றால் விடை டைப்ஸ்கிரிப்ட். டாட்நெட் டீம் பிளேஸரில் திரையையும் தானே கட்டுகிறது என்றால் சி ஷார்ப். டெஸ்டர்கள் தனி டீமாக இருந்து, டெவலப்பர்கள் டெஸ்ட் கோடைத் தொடவே போவதில்லை என்பது உறுதியானால், டெஸ்டர்களின் மொழியே சரி: பெரும்பாலும் ஜாவா அல்லது பைத்தான்.

டெஸ்ட் கோட் எந்த ரெப்பாசிட்டரியில் (கோட் சேமிப்பகத்தில்) இருக்கும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஆப்பின் ரெப்பாசிட்டரியிலேயே, அதே மொழியில் இருந்தால், பட்டனை மாற்றும் அதே புல் ரிக்வெஸ்டில் (கோட் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையில்) டெஸ்டும் திருத்தப்படும். தனி ரெப்பாசிட்டரி, தனி மொழி என்றால் எப்போதும் இரண்டு நாள் பின்தங்கியே ஓடும். எங்கள் கணிப்பில், மொழியின் அத்தனை நிறை குறைகளையும் சேர்த்தாலும் இந்த ஒரு விஷயத்தின் கனத்துக்கு வராது.

'கோட் எழுதத் தெரியாதவர்களும் எழுதலாம்' என்ற நோக்கில் ரோபோட் ஃப்ரேம்வொர்க் அல்லது கியூகம்பர் எடுப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மேலே வாசிக்க எளிதான வாக்கியங்கள் இருந்தாலும், கீழே அவற்றை இயக்கும் கோடை யாரோ எழுதித்தான் ஆக வேண்டும். ரோபோட் ஃப்ரேம்வொர்க்கின் அடியில் பைத்தான் இருக்கிறது. பைத்தான் தெரிந்த ஒருவராவது டீமில் இல்லையென்றால் முதல் சிக்கலிலேயே வண்டி நின்றுவிடும்.

படி 3: கருவி எந்த மொழியைத் தன் சொந்த மொழியாக வைத்திருக்கிறது?

'இந்த மொழிக்கும் ஆதரவு உண்டு' என்பது ஒன்று, அந்த மொழியில் எல்லா வசதியும் கிடைப்பது வேறொன்று.

பிரவுசரை இயக்கும் செலினியம் என்ற கருவியில் நீங்கள் எழுதும் 'கிளிக்' என்ற வரி ஒரு எச்டிடிபி கோரிக்கையாக மாறி, குரோம்டிரைவர் போன்ற டிரைவருக்குப் போய், அது பிரவுசரை இயக்குகிறது. இந்த வெப்டிரைவர் நெறிமுறை 2018 ஜூனில், வெப் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையானது. ஜாவா, பைத்தான், சி ஷார்ப், ரூபி, ஜாவாஸ்கிரிப்ட் ஐந்தும் ஒரே நெறிமுறையைப் பேசுவதால், மொழிகளுக்கிடையே பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. டிரைவர் பதிப்பும் பிரவுசர் பதிப்பும் பொருந்தாமல் காலையில் எல்லாமே ஃபெயில் ஆகும் பழைய தொல்லையும் 4.6 பதிப்பில் வந்த செலினியம் மேனேஜரால் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. ஜாவாக்காரர்கள் ஜேடிகே (ஜாவா நிரல் எழுதும் தொகுப்பு) பதிப்பை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்: 2023 செப்டம்பர் இறுதியோடு செலினியம் ஜாவா 8 ஆதரவை நிறுத்திவிட்டது.

மைக்ரோசாஃப்ட் 2020இல் வெளியிட்ட பிளேரைட் என்ற கருவி டைப்ஸ்கிரிப்ட், ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான், ஜாவா, டாட்நெட் ஆகியவற்றில் கிடைக்கிறது. பிரவுசரை இயக்கும் பகுதி எல்லாவற்றிலும் ஒன்றே. பைத்தான் பேக்கேஜுக்குள்ளும் ஜாவா பேக்கேஜுக்குள்ளும் அதே நோட் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் மென்பொருள்) டிரைவர்தான் இருக்கிறது. வித்தியாசம், டெஸ்டுகளை ஓட்டி முடிவைச் சொல்லும் டெஸ்ட் ரன்னரில் வருகிறது. பிளேரைட்டின் சொந்த ரன்னர் நோட் பக்கம் மட்டுமே உண்டு. யுஐ மோடு, ஸ்கிரீன்ஷாட்டுகளை ஒப்பிடும் சோதனை, டெஸ்டுகளைப் பல இயந்திரங்களுக்குப் பங்கிடும் ஷார்டிங் எல்லாம் அதோடு வருபவை. பைத்தானில் பைடெஸ்ட், ஜாவாவில் ஜேயூனிட் அல்லது டெஸ்ட்என்ஜி, டாட்நெட்டில் என்யூனிட் போன்றவற்றோடு சேர்த்து இந்த வசதிகளை நீங்களே கட்ட வேண்டியிருக்கும். நடந்ததைப் படிப்படியாகக் காட்டும் டிரேஸ் கோப்பு எல்லா மொழிகளிலும் கிடைக்கும் என்பது ஆறுதல்.

சைப்ரஸ் என்ற கருவி என்றால் ஜாவாஸ்கிரிப்ட், டைப்ஸ்கிரிப்ட் மட்டும். அதன் கட்டளைகள் எழுதிய இடத்தில் உடனே ஓடாமல் வரிசையில் சேர்ந்து பிறகு ஓடுகின்றன. கட்டளையின் விளைவை ஒரு மாறியில் வாங்கி அடுத்த வரியில் பயன்படுத்தப் பார்ப்பவருக்கு எதிர்பார்த்த மதிப்பு கிடைக்காது. ஜாவாவிலிருந்து வருபவர்கள் முதல் வாரம் முழுக்க இதில்தான் தடுமாறுகிறார்கள். ரூபி ஆன் ரெயில்ஸ் டீம் என்றால் கேப்பிபாரா என்ற ரூபி கருவியை விட்டு வெளியே தேட வேண்டியதில்லை.

படி 4: ஒவ்வொரு மொழியின் பொறியும் எங்கே?

டைப்ஸ்கிரிப்ட்டின் பெரிய பொறி மறந்துபோன 'அவெயிட்', அதாவது ஒரு செயல் முடியும்வரை காத்திரு என்று சொல்லும் சொல். ஒரு செக்அவுட் டெஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். 'பணம் செலுத்து' பட்டனைக் கிளிக் செய்யும் வரியில் அவெயிட் இருக்கிறது. அடுத்த வரி 'ஆர்டர் உறுதியானது' என்ற வாசகம் தெரிகிறதா என்று பார்க்கிறது. அதில் அவெயிட் விடுபட்டிருக்கிறது. சரிபார்ப்பு தொடங்கும், ஆனால் அது முடியும்வரை யாரும் காத்திருக்க மாட்டார்கள். டெஸ்ட் ஃபங்ஷன் முடிந்து பச்சை விழுந்துவிடலாம். அந்த வாசகம் திரையில் ஒருநாளும் வராவிட்டாலும்கூட! பொய்ச் சிவப்பைவிட இந்தப் பொய்ப் பச்சை ஆபத்தானது, ஏனென்றால் அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. இதற்கு மருந்து, கோடில் தவறுகளைத் தேடும் டைப்ஸ்கிரிப்ட்-ஈஎஸ்லின்டில் உள்ள 'நோ ஃப்ளோட்டிங் ப்ராமிசஸ்' விதி. முதல் டெஸ்ட் எழுதும் முன்பே அதை இயக்கி, மீறினால் பில்ட் நிற்கும்படி வையுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: பிளேரைட் டைப்ஸ்கிரிப்ட் கோப்புகளை ஓட்டும்போது டைப் பிழைகளைச் சரிபார்ப்பதில்லை. டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரை, வெளியீடு எதுவும் எழுதாமல் சரிபார்க்க மட்டும் செய்யும் தெரிவோடு, சிஐயில் (கோட் மாறும்போதெல்லாம் டெஸ்டுகளைத் தானே ஓட்டும் அமைப்பில்) தனிப் படியாக ஓட்டுங்கள்.

பைத்தானில் தொடங்குவது எளிது, வாசிப்பதும் எளிது. பிரச்சினை டெஸ்டுகள் பெருகும்போது வரும். பேஜ் ஆப்ஜெக்டில் (ஒரு பக்கத்தின் செயல்களைத் தொகுத்து வைக்கும் கிளாஸில்) ஒரு மெத்தடின் பெயரை மாற்றி, ஒரு இடத்தில் மட்டும் பழைய பெயர் தங்கிவிட்டால், ஜாவாவும் சி ஷார்ப்பும் கம்பைல் ஆகும்போதே தடுத்துவிடும். பைத்தானில் அந்த வரி ஓடும்போதுதான் தெரியும். அது 35ஆவது நிமிடமாக இருக்கலாம். டைப் ஹின்ட் எழுதி, மைபை அல்லது பைரைட் என்ற டைப் சரிபார்ப்பானை சிஐயில் வைத்தால் இந்தக் குறை பெருமளவு நீங்கும். பிளேரைட்டின் பைத்தான் வடிவத்தில் சிங்க் (வரிக்கு வரி காத்திருப்பது), அசிங்க் (காத்திருக்காமல் தொடர்வது) என இரண்டு ஏபிஐ உண்டு. டெஸ்டுக்கு சிங்க் போதும். ஏற்கெனவே அசிங்க்ஐஓ லூப் ஓடும் இடத்தில் சிங்க் ஏபிஐயை அழைத்தால் உடனே பிழை வரும். இரண்டையும் ஒரே ப்ராஜெக்டில் கலக்காதீர்கள்.

ஜாவாவில் எழுத வேண்டியது அதிகம், ஆனால் பெயர் மாற்றம், மெத்தடைத் தேடுதல் போன்ற ஐடிஈ (கோட் எழுதும் மென்பொருள்) உதவி மிக உறுதியானது. ஆயிரக்கணக்கில் டெஸ்டுகள் உள்ள பெரிய நிறுவன ப்ராஜெக்டுகளில் அதன் அருமை புரியும். அங்கே அடிக்கடி காணும் தவறு, இம்ப்ளிசிட் வெயிட்டையும் (எல்லாத் தேடலுக்கும் பொதுவான காத்திருப்பு) எக்ஸ்ப்ளிசிட் வெயிட்டையும் (ஒரு குறிப்பிட்ட நிலைக்கான காத்திருப்பு) சேர்த்து வைப்பது. முதலாவதை 10 விநாடி, இரண்டாவதை 15 விநாடி என்று வைத்தால் 20 விநாடி கழித்து டைம்அவுட் ஆகலாம் என்று செலினியம் ஆவணமே எச்சரிக்கிறது. இது செலினியத்தின் எந்த மொழிக்கும் பொருந்தும். எக்ஸ்ப்ளிசிட் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சி ஷார்ப்பில் என்யூனிட் வழக்கமாக ஒரு கிளாஸில் உள்ள எல்லா டெஸ்டுகளுக்கும் ஒரே ஆப்ஜெக்டைத்தான் பயன்படுத்துகிறது. அந்த டெஸ்டுகளை இணையாக ஓட்டினால் ஒன்றின் ஃபீல்டை மற்றொன்று மாற்றிவிடும். ஒவ்வொரு டெஸ்டுக்கும் தனி ஆப்ஜெக்ட் கேட்கும் அட்ரிபியூட்டைப் போட்டால் தீரும்.

படி 5: இணையாக ஓட்டிப் பாருங்கள்

ஜாவாவில் இணை ஓட்டம் பொதுவாக த்ரெட்கள் வழி நடக்கிறது. டிரைவரை ஸ்டேட்டிக் மாறியில் வைத்திருந்தால் இரண்டு த்ரெட்களும் ஒரே பிரவுசரைப் பிடித்துக்கொள்ளும். லாகின் டெஸ்ட் தட்டச்சு செய்யும் பெயர் தேடல் பெட்டியில் போய் விழும். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி மதிப்பு தரும் த்ரெட்லோக்கலில் வையுங்கள். பிளேரைட்டின் ஜாவா வடிவமும் த்ரெட் பாதுகாப்பு உள்ளதல்ல, த்ரெட்டுக்கு ஒரு பிளேரைட் ஆப்ஜெக்ட் தேவை.

பைத்தானில் பைடெஸ்ட் எக்ஸ்டிஸ்ட் தனித்தனி ப்ராசஸ்களாகப் பிரிக்கிறது. மோதல் குறைவு. ஆனால் 'செஷன்' அளவில் எழுதிய ஃபிக்ஸ்சர் (டெஸ்டுக்கு முன்னேற்பாடு செய்யும் ஃபங்ஷன்) ஒவ்வொரு ப்ராசஸிலும் ஒருமுறை ஓடும். 'ஒரே ஒரு டெஸ்ட் வாடிக்கையாளரை உருவாக்கு' என்று நினைத்து எழுதியது நான்கு பேரை உருவாக்கப் பார்க்கும், இரண்டாமவரிலேயே 'இந்த மின்னஞ்சல் ஏற்கெனவே உள்ளது' என்று நிற்கும். மின்னஞ்சலில் ப்ராசஸ் எண்ணைச் சேர்த்துவிடுங்கள். பிளேரைட்டின் நோட் ரன்னரும் தனி ப்ராசஸ்களைத்தான் பயன்படுத்துகிறது. வழக்கமான அமைப்பில் வெவ்வேறு கோப்புகள் இணையாகவும், ஒரே கோப்புக்குள் உள்ள டெஸ்டுகள் வரிசையாகவும் ஓடும். எல்லாவற்றையும் ஒரே கோப்பில் எழுதிவிட்டு 'இணையாக ஓடவில்லையே' என்று தேடுபவர்கள் கவனிக்க.

தமிழ்த் திரையைச் சோதிப்பவர்களுக்கு

'கொழும்பு' என்ற ஊர்ப்பெயரைச் சரிபார்க்கும் டெஸ்ட் ஃபெயில் ஆகிறது. ரிப்போர்ட்டைத் திறந்தால் எதிர்பார்த்தது கொழும்பு, கிடைத்தது கொழும்பு. இரண்டும் கண்ணுக்கு ஒன்றே. யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். முதல் வகையில் இந்தச் சொல்லின் நீளம் 8, இரண்டாவதில் 9. பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் வழக்கமான ஒப்பீட்டில் இவற்றை வேறு வேறு சொற்கள் என்றே சொல்லும். ஸ்விஃப்ட் மட்டும் சமம் என்று சொல்லும். நீளம் கேட்டால் நாம் எழுத்தெண்ணுவது போலவே 4 என்று தரும்.

ஒப்பிடும் முன் இரு பக்கத்தையும் என்எஃப்சி (பிரிந்த குறியீடுகளை ஒன்றாக்கும் யூனிகோட்) வடிவத்துக்கு மாற்றும் ஒரு சிறு ஃபங்ஷன் எழுதிக்கொள்ளுங்கள். ஜாவா, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், சி ஷார்ப் எல்லாவற்றிலும் அதற்கான வசதி மொழியோடே வருகிறது. ஆனால் 'கௌதமன்' என்பதை ஒற்றைக் கொம்பும் 'ள'வும் சேர்த்து 'கெளதமன்' என்று தட்டியிருந்தால் என்எஃப்சி அதைச் சரிசெய்யாது. அது உண்மையிலேயே வேறு எழுத்து. அதை டேட்டா பிழையாகவே பதிவு செய்யுங்கள்.

டெஸ்ட் டேட்டாவை சிஎஸ்வி கோப்பிலிருந்து படிக்கும்போதும் கவனம் வேண்டும். விண்டோஸில் பைத்தான் 3.14 வரை, கோப்பைத் திறக்கும்போது யுடிஎஃப்-8 என்று சொல்லாவிட்டால் கணினியின் பழைய குறியாக்கத்தை எடுத்துக்கொள்ளும். தமிழ் வரி வந்ததும் உடையும். ஜாவாவில் ஜேடிகே 18 முதல் யுடிஎஃப்-8தான் இயல்பு. 17லும் அதற்கு முந்தையவற்றிலும் நீங்களே குறிப்பிட வேண்டும்.

படி 6: ஐந்து டெஸ்டுகள், ஒரு வாரம்

இரண்டு மொழிகள் இறுதிக்கு வந்தால் விவாதத்தை நிறுத்திவிட்டு எழுதிப் பாருங்கள். உங்கள் ஆப்பிலேயே ஐந்து காட்சிகள்: லாகின், வரிசைப்படுத்தும் வசதியும் பக்கங்களும் உள்ள ஓர் அட்டவணை, கோப்பை ஏற்றி, பிறகு ஒன்றை இறக்குவது, ஐஃப்ரேமிலோ (பக்கத்துக்குள் பக்கம்) புதிய டேபிலோ திறக்கும் பகுதி, தட்டத் தட்ட மாறும் தேடல் பட்டியல். லாகினை மட்டும் எழுதிப் பார்த்து முடிவெடுத்தால் எல்லா மொழியும் அழகாகத்தான் தெரியும். கஷ்டமெல்லாம் மற்ற நான்கில் இருக்கிறது.

ஒவ்வொன்றையும் சிஐ இயந்திரத்தில் 50 முறை ஓட்டுங்கள். திரும்ப ஓட்டும் வசதி பிளேரைட் ரன்னரிலும் டெஸ்ட்என்ஜியிலும் ஜேயூனிட்டிலும் உள்ளது. பைடெஸ்டுக்கு பைடெஸ்ட் ரிபீட் என்ற பிளக்கின் வேண்டும். ஆப் மாறாத நிலையில் 250 ஓட்டங்களில் எத்தனை ஃபெயில் என்று குறியுங்கள். ஒரு டெஸ்ட் காரணமின்றி ஃபெயிலாகும் வாய்ப்பு வெறும் 1 சதவீதம் என்றாலும், 300 டெஸ்டுகள் சேர்ந்து ஓடும்போது 100இல் 95 முறை எங்காவது ஒரு சிவப்பு இருக்கும். 0.1 சதவீதமாகக் குறைந்தால் அது 26 முறையாகிறது. 250 ஓட்டமும் பச்சை என்றாலும் உண்மை விகிதம் 1 சதவீதத்துக்கு அருகில் இருக்க இடமுண்டு. முடிந்தால் ஓர் இரவு முழுக்க ஓடவிட்டு 1000 தாண்டுங்கள். ஃபெயிலானவற்றைத் திறந்து பார்த்தால், மொழியின் மீது சொல்லப்படும் பழி பெரும்பாலும் கோடில் எழுதிவைத்த நிலையான 'ஸ்லீப்'களுக்குச் சேர வேண்டியது என்பது தெரியும்.

அடுத்து, இந்த டெஸ்டுகளை எழுதாத ஒரு டெவலப்பரைக் கூப்பிடுங்கள். அவர் ஆப்பில் ஒரு பட்டனின் அடையாளத்தை மாற்றட்டும். ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து, யாரிடமும் கேட்காமல், டெஸ்டைத் திருத்தட்டும். கடிகாரத்தை வையுங்கள். 30 நிமிடத்தில் முடிந்தால் நல்ல அறிகுறி. அரை நாள் போனால் அந்த மொழி அந்த டீமுக்கு ஒத்துவராது, அதன் சிறப்புகள் எதுவாக இருந்தாலும்.

ஏற்கெனவே வேறு மொழியில் டெஸ்டுகள் இருந்தால்

ஆங்குலர் டீம்கள் நம்பியிருந்த ப்ரோட்ராக்டர் என்ற டெஸ்ட் கருவியின் ஆதரவு 2023இல் முடிந்தது. திரையில் ஒரு பட்டனையோ பெட்டியையோ கண்டுபிடிக்கும் லொக்கேட்டர்களைப் பேஜ் ஆப்ஜெக்டுகளுக்குள் அடக்கி, டெஸ்டில் 'லாகின் செய்', 'கூடையில் சேர்' என்ற அளவிலேயே எழுதியவர்கள் அடியில் உள்ளதை மாற்றினால் போதுமென்றிருந்தது. டெஸ்ட் கோடு முழுக்க நீளமான எக்ஸ்பாத் லொக்கேட்டர்களைத் தூவி வைத்தவர்கள் வரிவரியாகத் திருத்த வேண்டியிருந்தது. எந்த மொழியாக இருந்தாலும் கருவியின் பெயர் டெஸ்ட் கோப்புக்குள் தெரியாதபடி எழுதுங்கள்.

மொழி மாற்றம் தேவைப்பட்டால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திரும்ப எழுத வேண்டாம். புதிய டெஸ்டுகள் புதிய மொழியில் மட்டும். பழையவற்றில் அடிக்கடி உடையும் பத்தை முதலில் மாற்றுங்கள். புதியது சிஐயில் இரண்டு வாரம் காரணமற்ற ஃபெயில் இல்லாமல் ஓடியதும், அதன் பழைய வடிவத்தை அன்றைக்கே நீக்கிவிடுங்கள். வைத்திருந்தால், ஒரே திரைக்கு இரண்டு மொழிகளில் இரண்டு டெஸ்டுகளைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள்.